மூன்றரைக் கிலோ உப்பு

பாம்பனிலிருந்து தனுஷ்கோடி முனை வரைக்கும், கையால் தூக்கி எடை சொல்வதில் என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பொய் என்று மட்டும் சொல்ல முடியாது. ஒரு கூடை நெத்திலிக் கருவாட்டை இடுப்பளவுக்குத் தூக்கி, கண்ணை மூடி, பதினெட்டு கிலோ என்றால் தராசிலும் பதினெட்டுதான் நிற்கும். இன்னும் ஒரு வெயில் காய்ந்தால் எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். தூத்துக்குடியிலிருந்து வரும் வியாபாரிகள் என் தராசைப் பார்க்காமல், என் கையைப் பார்த்தே மூட்டை ஏற்றியிருக்கிறார்கள்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அறுபத்து நாலு புயலில் தனுஷ்கோடியில் எங்கள் வீடும் பள்ளிக்கூடமும் ஒன்றாகவே போயின. தங்கச்சிமடத்துக்கு வந்து வீட்டை மட்டும் திரும்பக் கட்டினோம். பத்து வயதில் கூடை தூக்கத் தொடங்கி, எழுபத்து நாலில், இருபது வயதில், சொந்தமாக வாடி போட்டேன். கடற்கரை மணலில் ஓலை வேலி அடைத்து, உள்ளே நாலு உப்புத் தொட்டியும் மீன் காயப்போடும் பாய்களுமாக நான் எழுப்பிய இடம் அது. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. நானே தூக்கினேன். அதனால்தான் எல்லாவற்றின் கனமும் எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஓர் எடையில் பொய் சொன்னேன். என் மகள் பிறந்த எடை அது. பதினாலு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்கு ரத்த அழுத்தம் ஏறி, இந்த வயதில் இது எதனால் என்று டாக்டர் தேடியபோது, அவர் கையில் போய்ச் சேர்ந்தது என்னுடைய அந்தப் பொய்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தலைப்பிரசவத்துக்காக என் மனைவி பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எட்டாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது, பிறகு முகமும் வீங்கியது. முகம் பூரித்திருக்கிறது, பிள்ளை நல்ல கொழுகொழுவென்று வரும் என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் அவளுக்கு ஜன்னி கண்டு, பல் கிட்டிப்போய், ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாடிக்கு ஆள் வந்து சொன்னபோது என் கையில் உப்பு இருந்தது. அந்தக் கையோடுதான் ரயில் ஏறினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பிரஷர் ஏறினதால் வந்த ஜன்னி, தாய்க்கு நினைவு திரும்பவில்லை, பிள்ளை மாதம் நிறையாத பிள்ளை என்றார்கள். நர்ஸ் ஒரு துணிச்சுருளை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்ததும் என் கை சொல்லிவிட்டது. ஒன்றே முக்கால் கிலோ. பிறகு அவர் தராசில் போட்டார். முள் ஆடி ஆடி ஒன்றே முக்காலில் நின்றது. என் கணக்கு தப்பாக வேண்டும் என்று வாழ்க்கையில் நான் ஏங்கியது அந்த ஒரு தடவைதான். கை சரியாகவே சொல்லியிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் நின்றபடி நேர்ந்துகொண்டேன். எங்கள் ஊரில் அது வழக்கம். தாயும் பிள்ளையும் கண்டம் தாண்டினால், பிள்ளையின் எடைக்கு எடை கல்லுப்பை மாதா கோவில் கொடிமரத்தடியில் கொட்டுவோம். பிள்ளையைத் தூக்கி வர முடிகிறவர்கள் அங்கேயே ஒரு தட்டில் பிள்ளையும் மறு தட்டில் உப்புமாக நிறுப்பார்கள். முடியாதபோது தகப்பன் உப்பை மட்டும் கொண்டுபோவான். கூடி நிற்கிறவர்கள் எவ்வளவு என்று கேட்பார்கள், அவன் சொல்லுவான்.

மூன்றாம் நாள், இரண்டு உயிரும் தங்கும் என்று சொன்னார்கள். நேர்ச்சையை முடித்துவிட்டு வருகிறேன் என்று ரயில் ஏறினேன். அப்போது தீவுக்குப் போக ரயில் பாலம் மட்டும்தான். கடல்மேல் ரயில் தூக்கத்தில் நடக்கிறவனைப் போல மெல்லப் போகும். நடுப்பாலத்துக்கு வந்துவிட்டால் முன்னாலும் கரை தெரியாது, பின்னாலும் கரை தெரியாது. ரயில் நின்றுவிட்டது, கடல்தான் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். மூன்று நாள் கண் மூடாதவனுக்கு அந்தத் தண்ணீர் தண்ணீராகத் தெரியவில்லை. காய்ச்சிய ஈயம் போல மினுங்கிக்கொண்டு, அதன்மேல் ஒரு துணிச்சுருள் மிதந்து மிதந்து என் கூடவே வருவதுபோல இருந்தது. அது முழுகுகிற மாதிரி தெரியும்போதெல்லாம் நான் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் காசு கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

வாடிக்கு வந்து தொட்டியோரம் உட்கார்ந்து உப்பை நிறுத்தேன். ஒன்றே முக்கால் கிலோ உப்பைப் பையில் போட்டுப் பார்த்தால் பையின் அடிகூட நிறையவில்லை. வீட்டுக்குக் குழம்பு வைக்க வாங்கிப் போகிற அளவு. அதைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே நடந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்தே என் பிள்ளையைப் போன பிள்ளையாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். வெயில் உச்சியில் இருந்தது. உப்பு கண்ணைக் கூசவைத்தது. நான் இன்னொரு கை அள்ளிப் போட்டேன். இன்னொரு கை. பை கனக்கக் கனக்க என் பிள்ளையும் எங்கோ ராமநாதபுரத்தில் கனத்துக்கொண்டு வருவதாக எனக்குள் ஓர் எண்ணம். தராசைப் பார்த்தபோது மூன்றரை இருந்தது. சரியாக இரண்டு பங்கு. அதில் ஒரு மணியைக்கூடத் திருப்பிக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த, எடை எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருந்தது. அதை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். மை நீலமாகப் பிரிந்து, கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது.

கோவிலில் என் அக்காதான் கேட்டாள்.

“எம்புட்டுலே?”

“மூன்றரை.”

“பார்றா. எட்டு மாசத்துலயே மூன்றரையா? முழுசாப் பொறந்திருந்தா மூட்டைல்ல தூக்கியிருக்கணும்?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசித்தது.

மறுநாள் அக்காவும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மனைவிக்கு அன்றைக்குத்தான் நினைவு தெளிந்திருந்தது. நான் வாய் திறக்குமுன் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, மூன்றரைக் கிலோ பிள்ளை பெற்றிருக்கிறாய், ஊரே பேசுகிறது என்று சொல்லிவிட்டாள். மனைவி துணியை விலக்கிப் பார்த்தாள். “அப்ப ஏன் மதினி இப்படி இருக்கு?” என்றாள்.

“நாலு நாளா நீ பால் குடுத்தியா? வத்தாம என்ன செய்யும்?”

நான் அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் பேசவில்லை. நர்சுகள் எடை ஏற வேண்டும், எடை ஏற வேண்டும் என்று சொன்னார்களே தவிர, பிறந்த எடை இன்னது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே, மூன்றரை என்று.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை நாங்கள் வளர்த்தோம் பாருங்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாய்க்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு தினமும். பிள்ளைக்குப் பல் முளைத்ததும் நெய்ச்சோறு, முட்டை. இரண்டு வயதிலேயே கருவாட்டை விரலால் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து ஊட்டினோம். வாடிக்காரன் மகள் கருவாடு தின்னாமல் யார் தின்பது? மீனை உப்பில் போட்டால் கெடாமல் நிற்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். உப்பு உள்ளே போனால் பிள்ளையும் நிற்கும் என்று நம்பினேன். கருவாடு தீர்ந்துபோனால் சோற்றுத் தண்ணீரில் உப்பைக் கூடப் போட்டுக் குடிப்பாள், நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவளை வாடிக்குக் கூட்டிவந்து, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றி நிறுத்துவேன். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, கடல்காற்றில் முடி பறக்க, கையை விரித்துக்கொண்டு நிற்பாள். நான் சத்தமாக எடை சொல்லுவேன். மீன் தரம் பிரிக்கும் பெண்கள் கை தட்டுவார்கள். ஐந்து வயதில் தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் யாரும் அவள் கனத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. எட்டு வயதில் நான் தூக்கினால் எனக்கே மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்கலில் எனக்கு எவ்வளவு சுகம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒன்றே முக்காலை நானே மறந்துபோனேன். மூன்றரையாகப் பிறந்த பிள்ளையின் தகப்பனாகத்தான் நான் கனவிலும் நடமாடினேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். கண், பல், எடை எல்லாம் பார்த்தார்கள். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். அவளை மட்டும் உட்காரவைத்து மூன்று தடவை பார்த்துவிட்டு, தகப்பனாரைக் கூட்டி வா என்று சீட்டு கொடுத்தனுப்பினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிரஷர் என்பது கட்சிக்காரர்களுக்கும் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் வருவது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வருமா? கருவி கெட்டிருக்கும், என் தராசுபோல மாதம் ஒரு தடவை சரிபார்த்து வைத்திருக்க மாட்டார்கள் என்று அங்கேயே சொன்னேன்.

ராமநாதபுரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அதற்குள் சாலைப் பாலம் வந்துவிட்டது. பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா பொறுமைசாலி. பிள்ளையைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்துவிட்டுப் பிறகு பட்டையைச் சுற்றினார். ரப்பர்ப் பந்தை அமுக்க அமுக்க, கண்ணாடிக் குழலில் பாதரசம் ஏறியது. பிறகு காற்றை விட, மெல்லத் துடித்துத் துடித்து இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தராசு பார்த்திருக்கிறேன். ரத்தத்தை நிறுக்கும் தராசை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெள்ளி உருகி ஒரு குழலுக்குள் மூச்சு விடுவதுபோல இருந்தது. மேலே நூற்று நாற்பது, கீழே தொண்ணூறு என்றார். பெரியவர்களுக்கே கூடுதல் என்றார்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரச் சொன்னார். இரண்டாவது தடவையும் இறங்கவில்லை. ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், “பொறக்கும்போது எடை எவ்வளவு?” என்றார்.

என் மனைவி முந்திக்கொண்டு மூன்றரை என்றாள். டாக்டரம்மா எழுதினார். அந்தப் பேனா மூன்றரை என்று எழுதி முடிக்கிறவரைக்கும் நான் மூச்சு விடவில்லை. எழுதி முடித்ததும் வந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்து இருந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மனைவியின் அம்மா நாற்பத்தைந்து வயதில் ஒரு பக்கம் கை கால் விழுந்து இறந்துபோனவர். அந்த ரத்தம்தான் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று என் மனைவி தானாகவே முடிவு கட்டிவிட்டாள். என் அக்கா வந்து அதையே ஆமோதித்துவிட்டுப் போனாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டில் உட்காரவைத்துவிடலாம், படிப்பு மூளையை அழுத்தும் என்றாள் மனைவி. மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். மத்தியானங்களில் வாடியில் படுத்தால் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகிவிடும். வெயிலில் பாய்கள் தண்ணீராக அலையும், அந்தத் தண்ணீரில் ஏதோ வெள்ளையாக மிதந்து வரும். எழுந்து உட்கார்ந்தால் காய்கிற மீன்தான்.

மூன்றாவது தடவை போனபோது டாக்டரம்மா ஒரு காகிதத்தை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“மதுரைக்கு எழுதித் தர்றேன். சிறுநீரகத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். ஜன்னி வந்து எட்டாம் மாசத்துல எடுத்த பிள்ளை மூன்றரைக் கிலோ இருக்கிறது லேசுல நடக்காது. ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கா?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது என் மனைவி.

“பொறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா. நாந்தான் நினைவில்லாமக் கெடந்து, பால் குடுக்காம வத்த வச்சுட்டேன். எங்கம்மா வழியும் அப்படி. பிள்ளைக்கு வந்தது எல்லாம் என்னாலதான்.”

அவள் அழவில்லை. குற்றம் ஒத்துக்கொண்டு தண்டனைக்குக் காத்திருக்கிறவள்போல முந்தானையைச் சரியாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் போர்த்தலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

“ஒண்ணே முக்கால்” என்றேன்.

“என்னது?”

“பிள்ளை ஒண்ணே முக்கால் கிலோதான் டாக்டரம்மா. நான் கையில வாங்குனேன். தராசுலயும் பார்த்தேன். மூன்றரைன்னு ஊருக்குச் சொன்னது நான்.”

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. மகள்தான் முதலில் பேசினாள்.

“அப்ப நான் ரெண்டு கிலோகூட இல்லையாப்பா? ஒரு சீலா மீனே என்னைவிடக் கனமா இருந்திருக்குமே?”

அவள் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. மூன்றரையை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒன்றே முக்கால் என்று எழுதினார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வயிற்றில் இருக்கும்போது சத்து சரியாகப் போய்ச் சேராமல் சின்னதாகப் பிறக்கிற பிள்ளைக்கு, சிறுநீரகத்தில் வடிகட்டுகிற கண்கள் கொஞ்சம் குறைவாக அமைந்துவிடலாம் என்கிறார்கள். அந்தப் பிள்ளையை வேகமாகப் பெருக்கவைத்து, உப்பையும் ஏற்றினால், அது சுமக்க வேண்டியது கூடிப்போகிறது. சின்னதாகப் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் இப்படி வராது. இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஸ்கேன் எப்படியும் பார்த்தாக வேண்டும்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா சின்ன வயசுலேர்ந்தே வருஷம் ஒரு தடவை பிரஷர் பார்த்திருக்கலாம் ஐயா. எடையை ஏத்துங்க ஏத்துங்கன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது என் நெஞ்சில் ஒரு மூட்டைபோல இறங்கியது. தூக்கி வளர்த்தேன் என்று நான் நினைத்திருந்த பதினாலு வருஷமும், அந்தப் பிள்ளையின் முதுகில் நான் ஏற்றிவைத்த சுமையா?

பஸ்ஸில் மனைவியும் மகளும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். மகள் எதையோ காட்டிப் பேசிக்கொண்டு வந்தாள். மனைவியின் தலை அசையவே இல்லை.

மறுநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்காராமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசினாள்.

“நான் அந்தப் பிள்ளையப் பெத்தவ. எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?”

அக்கா அங்கே உட்கார்ந்திருந்தாள், எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

“மூன்றரைக் கிலோப் பிள்ளைய நாலு நாள்ல கரைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவளுக்கு வயிறு நெறஞ்ச பெறவும் இன்னொரு வாய், இன்னொரு வாய்னு திணிச்சேன். நான் அவளுக்கா ஊட்டுனேன்? அந்த நாலு நாளைக்குல்ல ஊட்டிக்கிட்டு இருந்தேன், இந்தப் பதினாலு வருஷமும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு வைத்தாச்சு, சீட்டு எங்கே, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவ்வளவுதான்.

நான் மன்னிப்பு கேட்டுப் பழகியவன் இல்லை. வியாபாரத்தில் அதற்கு இடமே வைத்ததில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வாடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மீன் தரம் பிரிக்கும் நேரத்தில் போய் நின்றேன். என் அக்காவும் அவர்களோடு இருந்தாள். என் மகள் பிறந்தது ஒன்றே முக்கால் கிலோ, பால் இல்லாமல் வற்றவில்லை, பிறந்ததே அப்படித்தான், அந்த உப்பில் பாதி பொய் என்று சொன்னேன். அத்தனை கைகளும் நின்றன.

“ஏலே, அப்ப அவளை நான் பேசுன பேச்செல்லாம்?” என்றாள் அக்கா.

“எல்லாம் என் பேச்சுதான்க்கா.”

“அன்னைக்கு நீ அங்கனதானே நின்ன?”

“நின்னேன்.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னளவு எடை நிறுத்துப் பழகியவள் இல்லை, ஆனால் அன்றைக்கு என்னை நிறுத்துவிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா திரும்பிப் போகும்போது கண் சிவந்திருந்ததாக மகள் சொன்னாள்.

மதுரையில் ஸ்கேன் பார்த்தோம். சிறுநீரகம் இரண்டும் சற்றுச் சிறியவை, மற்றபடி கோளாறு இல்லை என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். உப்பைப் பாதியாக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தை நிறுத்தக் கூடாது என்று மனைவியிடம் கறாராகச் சொன்னார். தினமும் நடக்க வேண்டும் என்றார். மகளுக்குக் கருவாடு நின்றது. கருவாட்டு வாசத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, முதல் வாரம் பச்சை மீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, கடலை மறந்துபோய்ச் சமைத்தது மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். அவளுக்கு வைக்கிற அதே குழம்பையே நாங்களும் சாப்பிட்டோம். ஒரு மாதத்தில் என் நாக்கும் மீனின் இனிப்பைக் கண்டுபிடித்தது. முப்பது வருஷம் மீனில் கிடந்தவன் நான், மீன் இனிக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

விடிந்ததும் அவளோடு கரையோரம் நடப்பேன். நான் நடந்தால் ஊரில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும், அப்படிப்பட்ட நடை என்னுடையது. வற்றம் இறங்கிய நேரம், கடல் எங்கோ தள்ளிப்போய்ப் படுத்திருக்கும். ஈரமணலில் வானம் விழுந்து கிடக்கும். அவள் முன்னால் போவாள். பனிமூட்டத்தில் அவள் உருவம் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் கையில் ஏந்தலாம் போல ஆகும். நான் வேகமாக நடப்பேன். பக்கத்தில் போனதும் திரும்பவும் அவள் உயரத்துக்கு வந்துவிடுவாள்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை டாக்டரம்மா பாதரசத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நூற்று இருபத்திரண்டு, எழுபத்தெட்டு என்றார். மாத்திரையைப் பாதியாக்கலாம், ஆனால் பார்ப்பதை வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது என்றார். மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். நான் எழுந்து கிளம்பத் தயாரானேன்.

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். “நீங்க கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்கம்மா?”

மனைவி யோசித்தாள். பிரசவத்தில் பார்த்தது என்றாள்.

“ஜன்னி வந்த தாய்மாருக்குப் பின்னாடி பிரஷர் வர வாய்ப்பு உண்டு. உக்காருங்க.”

இத்தனை நாள் அந்த அறைக்கு வந்து போயிருக்கிறோம். ஒரு தடவைகூட அந்தப் பட்டை அவள் கையில் ஏறவில்லை. என் புத்தியிலும் அது ஏறவில்லை. அவள் கண்ணாடி வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். பாதரசம் ஏறி, இறங்கி, நான் எதிர்பார்க்காத உயரத்திலேயே துடிக்கத் தொடங்கியது. டாக்டரம்மா கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, பயப்பட வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மனைவிக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை என்னிடம் நீட்டினாள். மாதக் கணக்கில் என் முகத்தை நேராகப் பார்க்காதவள் அப்போது பார்த்தாள்.

“இதுல எம்புட்டு போட்டிருக்கு? கூட்டியும் சொல்ல வேண்டாம், கொறைச்சும் சொல்ல வேண்டாம்.”

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்ணில் எனக்குத் தடங்கல் கிடையாது. வெயில் இலை வழியாகச் சீட்டின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை காத்திருந்து, விரலை வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“மேல நூத்தி ஐம்பத்தி நாலு. கீழ தொண்ணூத்தி ஆறு.”

“நெசமா?”

“நெசமா.”

அவள் அந்த இரண்டு எண்ணையும் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சீட்டை வாங்கி மடித்துத் தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தன் பக்கத்தில் எனக்கும் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.